புழுதியைப் பிடித்து வைக்கும் பாலைப் புதர்கள்

2009ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் சிட்னி நகரைச் செந்நிறப் புழுதி மூடியது. விமானங்கள் வேறு நகரங்களுக்குத் திருப்பிவிடப்பட்டன; துறைமுகத்தில் படகுப் போக்குவரத்து நின்றது. ஏறத்தாழ இருபத்தைந்து இலட்சம் டன் மண் அந்தப் புயலில் கரையைக் கடந்து கடலுக்குள் சென்றதாக ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். மெல்பர்ன் நகரம் இத்தகைய காட்சியை 1983ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதியே கண்டிருந்தது. இரண்டுமே கடும் வறட்சிக் காலங்கள். ஆனால் வறட்சி மட்டும் மண்ணைக் கிளப்பிவிடுவதில்லை. நிலத்தின் மேல் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தே காற்று அதை அள்ளுகிறது. உள்நாட்டுப் பாலை நிலங்களில் அவ்வாறு மிஞ்சுபவற்றுள் முதன்மையானவை புதர்கள்.

புதர்கள் நீரைக் குடித்துத் தீர்த்துவிடுகின்றன என்பது பரவலான எண்ணம். உண்மையில் அவை நீரைக் குடிப்பதோடு, அதை இடம் மாற்றிச் சேமிக்கவும் செய்கின்றன. ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் பெரும்பரப்பில் வளரும் முல்கா என்ற வேலமர இனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் ஒடுங்கிய இலைகளும் கிளைகளும் மேல்நோக்கி நிற்பதால், விழும் மழை தண்டின் வழியே வழிந்து அடிமரத்தில் இறங்குகிறது. மரங்களுக்கு இடைப்பட்ட வெற்றுநிலத்தில் ஓடும் நீரும் அடுத்த முல்காத் திட்டில் தடுக்கப்படுகிறது. அங்கே கறையான்கள் குடைந்த துளைகளும் மக்கிய சருகும் அதை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. வெயில் எட்டாத ஆழத்திற்குச் சென்றுவிட்ட நீர், மழையில்லாத மாதங்களில் மரத்திற்குப் பயன்படுகிறது.

நீர் தங்கும் இடத்தில் நுண்ணுயிர்களும் தங்குகின்றன. வேலமர இனங்களின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கித் தருகின்றன. ஆஸ்திரேலிய மண்ணில் பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதைத் தேடி எடுத்துவந்து வேரிடம் சேர்ப்பவை பூஞ்சை இழைகள். பதிலுக்குச் செடியிடமிருந்து அவை சர்க்கரையைப் பெறுகின்றன. இவ்வாறு ஒவ்வொரு புதரின் அடியும் சுற்றியுள்ள நிலத்தைவிட வளமான ஒரு சிறு தீவாகிறது.

புதர்களுக்கு இடையிலுள்ள நிலமும் வெறுமையானதன்று. நீலப்பச்சைப் பாசிகள், லைக்கன்கள், பாசிச்செடிகள் ஆகியவை சேர்ந்து அங்கே மெல்லிய உயிருள்ள தோலொன்றை அமைக்கின்றன. இழைகளாலும் பசையாலும் மணல் துகள்களை அது பிணைத்து வைக்கிறது. பல மாதங்கள் உறங்கிக்கிடக்கும் இந்தத் தோல், மழை பட்டதும் விழித்து இயங்கத் தொடங்கும். ஆனால் ஆட்டின் குளம்புக்கு அது தாங்காது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் 1890களில் ஒரு கோடியைத் தாண்டியிருந்த செம்மறிகளின் எண்ணிக்கை, முயல்களும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, சுமார் பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. ஆடுகள் போன பின்னும் மண் திரும்பவில்லை.

அதைத் திரும்பப் பெற முடியும் என்று காட்டிய ஊர் புரோக்கன் ஹில். பிஎச்பி நிறுவனத்தின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சுரங்க நகரில், சுரங்கத்திற்கும் அடுப்பிற்கும் மரங்கள் வெட்டப்பட்டு, வேலிகளைப் புதைக்கும் அளவுக்கு மணல் வீசியது. சுரங்கத்தில் உலோக மதிப்பீட்டாளராகப் பணியாற்றிய ஆல்பர்ட் மோரிஸ், தாமே பயின்று தாவரவியல் அறிஞரானவர். அவரது வழிகாட்டுதலில் 1936ஆம் ஆண்டு சிங்க் கார்ப்பரேஷன் நிறுவனம் ஒரு சிறு நிலத்தில் உப்புப்புதர் உள்ளிட்ட உள்நாட்டுச் செடிகளை நட்டது. நடவைவிட முக்கியமானது வேலி. கால்நடைகளையும் முயல்களையும் வெளியே நிறுத்தினால் எஞ்சிய வேலையை நிலமே பார்த்துக்கொள்ளும் என்பது மோரிஸின் வாதம். அவ்வாறே வேலிக்குள் செடிகள் தாமாக முளைத்தன. 1939ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தார். வேலியிடப்பட்ட காப்பு நிலங்கள் இன்றும் நகரைச் சூழ்ந்துள்ளன.

இந்த வரலாற்றுக்குப் பிறகும் புதரை எதிரியாகக் காணும் போக்கு மறையவில்லை. புல்வெளியை ஆக்கிரமிக்கும் ஹாப்புஷ் முதலிய உள்நாட்டுப் புதர்களை மேய்ச்சல்காரர்கள் களை என்றே அழைக்கின்றனர். அவர்கள் கவலையை ஒதுக்கிவிட முடியாது: புல் குறைந்தால் அவர்களது வருமானம் குறைகிறது. மாநிலச் சட்டமும் இவற்றை ஆக்கிரமிப்பு இனங்களாக வகைப்படுத்தி, நிபந்தனைகளுடன் அகற்ற அனுமதிக்கிறது. ஆனால் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் டேவிட் எல்ட்ரிட்ஜும் சகாக்களும் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை, புதர் பெருகினாலே நிலம் சீரழிகிறது என்று பொதுவாகக் கூற ஆதாரமில்லை என்றது. (சீமைக் கருவேலத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளலாகாது. தமிழகத்திற்கு வெளியிலிருந்து வந்த அந்த மரத்தின் இனத்தை ஆஸ்திரேலியாவும் தேசிய அளவிலான களைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது.)

அண்மைக் காலத்தில் இந்த வழக்கில் பணமும் நுழைந்தது. கார்பனை ஈர்ப்பதற்காக, போர்க், கோபார் வட்டாரங்களில் முல்காவை மீண்டும் வளரவிடும் நில உரிமையாளர்களுக்குக் கான்பெரா அரசின் திட்டம் வரவுச் சான்றுகளை வழங்கியது. அந்த வளர்ச்சிக்கு மழையே காரணம், மேலாண்மை அன்று என்று ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்ட்ரூ மெக்கின்டாஷ் 2022ஆம் ஆண்டு குற்றஞ்சாட்டினார். இயன் சப் தலைமையிலான மறுஆய்வு, திட்டத்தின் அடிப்படை சரியானதே என்றது. காடு மீள்வளர்ப்புக்கான அந்த முறைமை 2023ஆம் ஆண்டு செப்டம்பருடன் காலாவதியானாலும், பதிவான திட்டங்கள் தொடர்கின்றன.

அரசியல் நோக்கில் பார்த்தால் இங்கே வியப்பளிப்பது அளவுகோல்தான். இரண்டு மீட்டர் உயரத்தை எட்டக்கூடிய மரங்கள் நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை மூடினால் அது காடு, அதற்கு விலையுண்டு. இடுப்பளவே வளரும் நீலப்புதருக்கும், அதனருகே மண்ணைப் பிணைத்துக் கிடக்கும் பாசித் தோலுக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை.