முதியோர் இல்லமா? முதலில் குதிகாலைப் பாருங்கள்

பெற்றவர்களைச் சேர்க்க முதியோர் இல்லம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கல்யாண மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் மாதிரிதான் போகிறார்கள். ஹால் எவ்வளவு பெரிது, ஜெனரேட்டர் உண்டா, சமையல் யார், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். வாசலில் செம்பருத்தியும் ஒரு பிள்ளையாரும் இருந்துவிட்டால் பாதி மனசு நிறைந்துவிடுகிறது. மேலாளர் காபி கொடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைக் காட்டுவார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அதே கட்டடத்தின் பின்பக்க அறையில் எழுந்திருக்க முடியாமல் படுத்திருக்கும் பாட்டியின் குதிகால் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. ஓர் இல்லத்தின் தரத்தை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அசையாமல் படுத்திருப்பவரின் எடை முழுவதையும் குதிகால், இடுப்பின் கீழ்ப்பகுதி, முழங்கை போன்ற எலும்பு துருத்திய சில இடங்களே தாங்குகின்றன. அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தோல் கெட ஆரம்பித்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்று செவிலியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது இதனால்தான். படுக்கைப் புண் வரும் எல்லோரையும் இல்லம் அலட்சியம் செய்தது என்று சொல்லிவிட முடியாது. சர்க்கரையும் சத்துக்குறைவும் முற்றியவர்களுக்கு எவ்வளவு கவனித்தாலும் வரலாம். ஆனால் புண் இருப்பதே வீட்டாருக்கு ஆழமான பிறகுதான் தெரிகிறது என்றால், அங்கே ஆள் போதவில்லை, அல்லது பார்த்தவர் சொல்லவில்லை.

பார்க்கப் போகும்போது போர்வையை விலக்கிக் குதிகாலையும் இடுப்பையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துவிட்டுப் பிறகு நிறம் திரும்ப வேண்டும். வெளுக்கவே இல்லையென்றால் புண்ணின் முதல் கட்டம் வந்துவிட்டது. மாநிறமும் கறுப்புமான நம் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, கெட்டியாக, கருத்து இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எடை. எடைப் பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். 50 கிலோ இருந்த அம்மா ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இளைத்தால், அதாவது 5 சதவீதம் குறைந்தால், மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ‘வயசானா இளைக்கத்தானே செய்யும்’ என்பது பதில் ஆகாது. பல் இல்லாதவர் தட்டில் சப்பாத்தி வைத்து, அரை மணியில் தட்டை எடுத்துக்கொண்டு போனால் அவர் சாப்பிடவில்லை என்றே அர்த்தம். அதனால் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். தண்ணீர் டம்ளர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எந்த நேரம் போனாலும் ஆள் அரைத் தூக்கத்தில் இருந்தால் மாத்திரைச் சீட்டை வாங்கிப் படியுங்கள். எந்த டாக்டர் எழுதியது, எப்போது எழுதியது என்று தெரிய வேண்டும். இரவு வேலைக்கு ஆள் குறைவாக இருக்கும் இடங்களில் தூக்க மாத்திரை ஆயாவின் வேலையைச் செய்துவிடும்.

ஆபத்து அதிகம் இரவில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எத்தனை பேருக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள், கிரில் கதவின் சாவி யாரிடம் இருக்கும் என்ற இரண்டு கேள்விகளையும் கூச்சப்படாமல் கேளுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதை இப்போது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. அதெல்லாம் ஏழைகளின் காப்பகம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2023 புத்தாண்டு அன்று அதிகாலையில் தெற்கு டெல்லியின் வசதியான பகுதியான கிரேட்டர் கைலாஷில் ஒரு முதியோர் இல்லம் தீப்பிடித்து இரண்டு மூதாட்டிகள் உயிரிழந்தார்கள்.

இனி சுவரில் இருக்கும் சான்றிதழுக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதியோர் இல்லங்கள் சமூக நலத்துறையின் கண்காணிப்பில் வருகின்றன. பதிவு இருக்கிறதா, எந்தத் தேதி வரை செல்லும் என்பதை மாவட்ட ஆட்சியர் வளாகத்தில் இருக்கும் மாவட்ட சமூகநல அலுவலரிடம் நேரிலேயே கேட்கலாம். 2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் அதிகாரிகள் நுழைந்ததே, அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போன பிறகுதான். உரிய அனுமதி இல்லாமலே பல ஆண்டுகள் நடந்த இடம் அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். வீட்டார் தேடிப் போயிராவிட்டால் எந்த ஆய்வு அதைக் கண்டுபிடித்திருக்கும்?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007இல் வந்தது. மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது, குறைந்தது 150 ஆதரவற்றவர்கள் தங்கும்படி அமைக்கலாம் என்று அது சொல்கிறது. தனியார் இல்லங்களின் பதிவையும் குறைந்தபட்சத் தரத்தையும் நாடு முழுவதற்குமாகக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவையோடு காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டுப் பணம் பெறும் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு 15 மாதத்துக்குள் ஒருமுறையாவது முன்னறிவிப்பின்றி ஆய்வாளர் வந்தாக வேண்டும். அவர் எழுதும் அறிக்கையை யாரும் இணையத்தில் படிக்கலாம். அங்கேயும் கொடுமைகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் சேர்ப்பதற்கு முன்பே அறிக்கையைப் படிக்க முடிகிறது. இங்கே அந்த வேலையைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வைத்து நாமேதான் செய்ய வேண்டும். 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, குறிப்பிட்ட இல்லத்தில் கடைசியாக ஆய்வு நடந்த தேதி, அறிக்கையின் நகல், சொல்லப்பட்ட குறைகள், எடுத்த நடவடிக்கை ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிர் சம்பந்தப்பட்ட விஷயமென்றால் 48 மணி நேரம்தான்.

பணம் கட்டிச் சேர்ப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரமாக வரும். டெபாசிட் எப்போது, எவ்வளவு திரும்ப வரும்? டயாபர், ஆக்சிஜன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் செலவு மாதக் கட்டணத்தில் சேர்ந்ததா? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, அழைத்துப் போகச் சொல்வார்களா? இதற்கெல்லாம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். ஏடிஎம் கார்டை ஒப்படைக்காதீர்கள். வெற்றுத் தாளில் கைநாட்டு வேண்டவே வேண்டாம். கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி வீட்டைச் செட்டில்மென்ட் கேட்டால், அது மகனாக இருந்தாலும் டிரஸ்டாக இருந்தாலும், ‘பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நிபந்தனை மீறப்பட்டால் 2007 சட்டத்தின் 23ஆம் பிரிவில் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கேட்க முடியும். கட்டணப் பாக்கி இருக்கிறதென்று ஆளை அனுப்பாமல் பிடித்துவைக்கிற உரிமை எந்த இல்லத்துக்கும் கிடையாது. அப்படிச் செய்தால் நேரே காவல் நிலையம்தான்.

கட்டணம் வாங்கிக்கொண்டு சேவையில் குறை வைத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. பலருக்குத் தெரியாத இன்னொரு பிரிவும் இருக்கிறது. நோயாலோ உடல் தளர்ச்சியாலோ தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாதவரைக் கவனிப்பதாக ஒப்பந்தம் செய்துகொண்டு, வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது பாரதிய நியாய சம்ஹிதாவின் 357ஆவது பிரிவின்படி குற்றம். மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை சிறியதுதான். ஆனாலும் புகாரில் அந்த எண்ணை எழுதினால் ‘இது உங்கள் குடும்பத் தகராறு’ என்று திருப்பி அனுப்புவது கொஞ்சம் கடினம். சட்டம் பிள்ளைகளையும் விட்டுவைக்கவில்லை. பெற்றவரைக் கைகழுவும் எண்ணத்தோடு எங்காவது விட்டுவிட்டுப் போவதும் 2007 சட்டத்தின் 24ஆம் பிரிவில் தண்டனைக்குரியது.

இத்தனை இருந்தும் புகார்கள் குறைவு. ‘நான் எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவேன், ராத்திரி அம்மாவை என்ன பண்ணுவாங்களோ’ என்ற பயம்தான் காரணம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் முதலில் 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை இலவசமாகப் பேசலாம். நிலைமையைச் சொல்லி வழி கேளுங்கள். புண்ணோ வீக்கமோ இருந்தால் தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு இல்லத்தாரிடம் சண்டை போடாமல், பரிசோதனைக்கு என்று சொல்லி அம்மாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். புண் எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று ஓ.பி. சீட்டில் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். சமூகநல அலுவலருக்கும் ஆட்சியருக்கும் போகும் மனுவோடு அந்தச் சீட்டின் நகலை இணையுங்கள். அம்மாவை வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு மனுவைக் கொடுத்தாலும் தவறில்லை, அந்த அறையில் இன்னும் நாலு பேர் படுத்திருப்பார்கள்.