79க்கு எத்தனை வேண்டும்?

எண்களோடு ஓர் ஊர் – 11

வீட்டில் பிளஸ் ஒன் கணக்கு படிக்கும் பிள்ளை இருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். 1, 16, 81, 256 என்று போகின்றன நான்காம் அடுக்கு எண்கள். இவற்றை மட்டும் கூட்டி 79ஐ உண்டாக்க வேண்டும். குறைந்தது எத்தனை எண்கள் தேவை?

81 பெரிது, ஆகாது. கையில் இருப்பவை 16ம் 1ம்தான். நான்கு பதினாறு 64. ஐந்தாவதைச் சேர்த்தால் 80, தாண்டிவிடும். மிச்சம் 15க்குப் பதினைந்து ஒன்றுகள். ஆக மொத்தம் 19. ஒரு பதினாறை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் பதினாறு ஒன்றுகளை வைக்க வேண்டியிருக்கும், எண்ணிக்கை கூடத்தான் செய்யும். எனவே 19க்குக் கீழே இறங்கவே முடியாது. விடையோடு நிற்காமல், அது ஏன் குறையாது என்பதையும் சொல்லிவிட்டோம். இதுதான் நிரூபணம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

அடுத்த கேள்விதான் ஆளை மலைக்க வைப்பது. எவ்வளவு பெரிய எண்ணானாலும் 19 போதுமா? போதும் என்று 1770இல் எட்வர்ட் வாரிங் என்ற ஆங்கிலேயர் எழுதிவைத்தார். நிரூபிக்கவில்லை. நிரூபணம் வந்தது 1986இல். அதைத் தந்த மூவரில் இருவர் பிரான்சைச் சேர்ந்த ழான்-மார்க் தெசுயே, பிரான்சுவா ட்ரெஸ். மூன்றாமவர் நம் ஆர். பாலசுப்பிரமணியன். தரமணியில் பல ஆண்டுகள் பணியாற்றி, கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர்.

அந்த நிறுவனத்தை அங்கே எல்லோரும் 'மேட்சயின்ஸ்' என்பார்கள். மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திய கருத்தரங்குகளிலிருந்து வளர்ந்து, 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் தொடங்கி, பிறகு தரமணிக்கு வந்தது. மென்பொருள் நிறுவனங்களுக்குப் பேருந்தில் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளிகளில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகளில் பலருக்கு அதற்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இந்தக் கதையில் இன்னொரு தமிழர் இருக்கிறார். எஸ். எஸ். பிள்ளை, 1901இல் குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, ஆறாம் அடுக்கு எண்கள் 73 இருந்தால் எந்த எண்ணையும் உண்டாக்கிவிடலாம் என்று 1940இல் நிரூபித்தார். 1950 ஆகஸ்டில் அமெரிக்கா போகும் வழியில் எகிப்தில் நடந்த விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை. ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் சிங்ருன் 1964இல் முடித்தார். கடைசிவரை பிடிகொடுக்காமல் நின்றது நான்காம் அடுக்குதான்.

73 எங்கிருந்து வந்தது? ஒன்றரையை ஆறு முறை பெருக்கினால் 11.39. பின்னத்தை விட்டால் 11. இரண்டை ஆறு முறை பெருக்கினால் 64. இரண்டையும் கூட்டி 2ஐக் கழித்தால் 73. நான்காம் அடுக்குக்கும் இதே வழி: 5ம் 16ம் 21, இரண்டு போக 19. பின்னத்தை விட்டு முழு எண்ணை மட்டும் எடுக்கும் இந்த வேலைக்கு நம் பிளஸ் ஒன் புத்தகத்தில் மீப்பெரு முழு எண் சார்பு என்று பெயர். முதல் பாடத்திலேயே வருகிறது. படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் கடந்துவிடுகிறார்கள். எதற்கு இப்படி ஒரு சார்பு என்று யாரும் சொல்வதில்லை. 1986 நிரூபணத்தின் அடித்தளமான வட்ட முறை, ஹார்டியும் ராமானுஜனும் 1918இல் தொடங்கிவைத்தது. அதன் கருவிகள் கலப்பெண்களும் தொகையீடும். இரண்டும் மேல்நிலைப் பாடங்கள்தான்.

இதையெல்லாம் நிதானமாகச் சொல்ல நேரம் இருக்கும் ஆண்டு பிளஸ் ஒன். அந்த ஆண்டைத்தான் பல தனியார் பள்ளிகள் விழுங்கின. பொறியியல் கட்ஆஃப் 200இல் கணக்குக்கு மட்டும் 100. அதுவும் பிளஸ் டூ மதிப்பெண்தான் சேரும். எனவே பதினொன்றிலேயே பன்னிரண்டின் பாடத்தைத் தொடங்கி, இரண்டு ஆண்டும் அதையே திரும்பத் திரும்பத் தேர்வு வைத்தார்கள். சென்டம் வந்தது. எல்லை என்றால் என்ன என்று தெரியாமலே வகையிடல் பயன்பாட்டுக்குப் போன பிள்ளைகள் பொறியியல் முதல் ஆண்டில் திணறினார்கள்.

இதைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. புதிய பாடத்திட்டமும் பின்னாலேயே வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தத் தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு பொதுத்தேர்வு என்ற பாரம் குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் காவல் போய்விட்டது. பழைய பழக்கம் திரும்பி வர ஒரு கல்வியாண்டு போதும்.

அதனால் கல்வித் துறையிடம் ஒன்று கேட்கிறேன். செப்டம்பர் மாதம் ஏதாவது ஒரு நாள் சொல்லாமல் பிளஸ் ஒன் வகுப்புக்குள் நுழைந்து, மேசைமேல் எந்த ஆண்டின் கணக்குப் புத்தகம் விரிந்திருக்கிறது என்று அதிகாரிகள் பார்க்கட்டும். பெற்றோர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை பிள்ளையின் நோட்டை வாங்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

(தொடரும்)