சோஜி கணவாயின் பனிச்சுவர்

மார்கழி விடியற்காலைப் பனிக்கே தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளிக்கிளம்பும் நமக்கு, முப்பதடி உயரம் பனி குவிந்து சாலையே மறைந்துபோவதென்பது கற்பனைக்கு எட்டாத விஷயம். ஆயினும், ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குச் செல்லும் மார்க்கத்தில், 11,500 அடிக்கு மேல் உயர்ந்த சோஜி கணவாயில் மாரிக்காலந்தோறும் நிகழ்வது அதுவே. கணவாய் அடைபட்டால் காஷ்மீரப் பள்ளத்தாக்கிலிருந்து லடாக்கிற்கு ஒரு லாரியும் போக வழியில்லை.

அவ்வழியின் அருமையைத் தேசம் 1948-லேயே உணர்ந்தது. பகைவர் பிடித்திருந்த அக்கணவாயை மீட்க டாங்கிகளை மேலே ஏற்ற வேண்டியிருந்தது. கோவேறு கழுதை செல்லும் தடத்தை டாங்கி செல்லும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் நமது சென்னை ஸாப்பர் படையினர். நவம்பர் 1-ந் தேதி கணவாய் மீண்டது. இதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிவர்? 1999 கார்கில் யுத்தத்திலும் பகைவன் துண்டிக்க முயன்றது இதே சாலையைத்தான்.

1960-ல் ஏற்பட்ட எல்லைச் சாலை ஸ்தாபனம் இங்கே பனி அகற்றும் முறை கவனிக்கத் தக்கது. சோனாமார்க் பக்கமிருந்து ஒரு கூட்டமும், திராஸ் பக்கமிருந்து ஒரு கூட்டமும் புறப்பட்டு, பனியை வெட்டிக்கொண்டே வந்து நடுவில் சந்திக்கின்றன. புல்டோஸர்கள் பனியைத் தள்ளுகின்றன. சுழலும் அலகுடைய யந்திரங்கள் அதை அரைத்துப் பள்ளத்தாக்கில் வீசுகின்றன. உப்புத் தூவி உருக்கலாமே என்பார் உண்டு. கடுங்குளிரில் உப்புப் பலிப்பதில்லை. வெயில் ஏறியதும் மேலிருந்து பனிச்சரிவு இறங்கும் அபாயம் வேறு. அரை நாள் வேலையை அது ஒரு கணத்தில் மூடிவிடும்.

முன்னெல்லாம் ஐந்தாறு மாதம் அடைபட்டுக் கிடந்த கணவாய், 2022-ல் 73 நாட்களிலும், 2023-ல் 68 நாட்களிலும் திறக்கப்பட்டது. இச்சாதனையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் யந்திரம் போன பிறகு கல் உடைத்து, வடிகால் திருத்தி, தாரிட்டுச் சாலையை மறுபடி சாலையாக்குபவர் யார்? பெரும்பாலும் ஜார்க்கண்டிலுள்ள தும்கா முதலிய ஜில்லாக்களின் ஸந்தால் ஏழைகள். 2020 மே மாதம், ஊரடங்கில் அகப்பட்ட அவர்களில் 60 பேரை லடாக்கிலிருந்து விமானத்தில் ஊருக்குக் கொணர்ந்தபோதுதான், அப்படியொரு ஜனங்கள் அங்கிருப்பதே பலருக்குத் தெரிந்தது. கூலியில் பங்கு பிடுங்கும் தரகரைப் பற்றிய முறையீடுகளும் அப்பொழுதே வெளிவந்தன. தரகரின்றி ஆளெடுக்கவும், கூலியை அவரவர் பாங்கிக் கணக்கில் செலுத்தவும் ஜார்க்கண்ட் ஸர்க்கார் அவ்வருஷமே ஏற்பாடு பேசிற்று. நல்லதே. எனினும் அவர்கள் தற்காலிகக் கூலிகளே. சுமார் ஆறு மாதத்திற்கு மேல் தொடர்ந்து வேலையில் வைப்பதில்லை. நிரந்தர உரிமை கோராதிருக்க இதைவிட எளிய உபாயம் வேறென்ன?

சோஜியின் கீழே 13 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கப்பாதை வேலை 2020 அக்டோபரில் தொடங்கியது. அது முடிந்தாலும் கார்துங் கணவாயிலும் சாங் கணவாயிலும் பனி விழத்தான் போகிறது. அங்கும் மண்வெட்டி பிடிக்கப் போகிறவர் இவர்களே. ஆறு மாதத்திற்கொரு முறை இவர்கள் பெயரை ஏட்டில் அடித்து எழுதும் வழக்கத்தை இந்திய ஸர்க்கார் எப்பொழுது கைவிடப் போகிறது?