டெல்லிக் குளிரும் பூனையின் முதுகும்

டிசம்பர் பாதியைத் தாண்டினால் டெல்லி வீடுகளில் பரணிலிருந்து ரஜாய் என்ற பஞ்சுப் போர்வை இறங்கும், கூடவே ஹீட்டரும் இறங்கும். உதட்டுக்கு வாஸ்லீன், குதிகால் வெடிப்புக்குக் களிம்பு என்று மனிதர்கள் தேடத் தொடங்கும் அந்த வாரங்களில், மயூர் விஹாரிலும் ஆர்.கே. புரத்திலும் பூனை வளர்ப்பவர்கள் கண்ணில் வேறொன்றும் படும். பூனை படுத்து எழுந்த இடத்தில் வெள்ளைத் தூள் கிடக்கும். கருப்புப் பூனையாக இருந்தால் முதுகிலேயே மாவு தெளித்தாற்போல் தெரியும்.

உடனே பலருக்கும் தோன்றுவது ஷாம்பு. குளியலறை அலமாரியில் இருக்கும் பொடுகு ஷாம்பையே எடுத்துப் பூனையைத் தேய்த்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். செய்யவே கூடாத காரியம் அதுதான்.

தோலின் மேலடுக்கு மனிதனுக்கும் பூனைக்கும் உதிர்ந்துகொண்டேதான் இருக்கும். செல் செல்லாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. தோல் வறண்டாலோ, அழற்சி வந்தாலோ, எண்ணெய்ச் சுரப்பு கூடியோ குறைந்தோ போனாலோ கொத்துக் கொத்தாக உதிரும்; நாம் அதைப் பொடுகு என்கிறோம். ஆகவே பூனையின் பொடுகு ஓர் அறிகுறிதான். எதன் அறிகுறி என்று கண்டுபிடிக்காமல் தோலைக் கழுவிப் பயனில்லை.

டெல்லியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அறைக்குள் இருக்கும் காற்றை. வெளியே ஜன்னல் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம், உள்ளே தோல் வறட்சி. இது எப்படி? ஜனவரிக் காலையில் வெளியே 7 டிகிரி, ஈரப்பதம் 90 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்று கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து 24 டிகிரிக்குச் சூடாகிறது. அதிலுள்ள நீராவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனால் 24 டிகிரிக் காற்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு நீராவியைத் தாங்க முடியும். எனவே ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. காய்ந்த காற்று எங்கே ஈரம் கிடைக்குமோ அங்கிருந்து உறிஞ்சும், தோலையும் விடாது. போதாக்குறைக்குப் பூனை ராட் ஹீட்டருக்கு ஓரடி தூரத்தில் போய் மணிக்கணக்கில் சுருண்டு கிடக்கும். மே மாதம் லூ என்ற அனல்காற்று வீசும்போது டெல்லிப் பூனைக்கு இன்னொரு வறட்சிக் காலம் வருகிறது. சென்னையில் நாள் முழுக்க ஏ.சி. அறையிலேயே கிடக்கும் பூனைக்கும் இதன் சிறிய வடிவம் உண்டு.

இதற்குத் தீர்வு எளிது. ஹீட்டர் ஓடும் அறையில் வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதும், பூனையின் படுக்கையைச் சூட்டிலிருந்து நாலைந்தடி தள்ளிப் போடுவதும், இரவில் ஹீட்டரை அணைத்துவிட்டுக் கம்பளியை நம்புவதும் போதும்.

ஆனால் அதே வீட்டில், அதே ஹீட்டருக்கு முன் கிடக்கும் இரண்டு பூனைகளில் ஒன்றுக்கு மட்டும் பொடுகு வருவதுண்டே, அது ஏன்? பதில் நாக்கில் இருக்கிறது. பூனையின் நாக்கில் பின்பக்கமாக வளைந்த கூரிய முட்கள் உண்டு. நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் நோயலும் டேவிட் ஹுவும் வீட்டுப் பூனையிலிருந்து சிங்கம், புலி வரை ஆறு இனங்களின் நாக்குகளை ஆராய்ந்து 2018இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். ஒவ்வொரு முள்ளின் நுனியும் சின்னஞ்சிறு அகப்பைபோலக் குழிந்திருக்கிறது. வாயில் எச்சிலை மொண்டுகொண்டு உரோமத்தின் அடிவரை கொண்டுபோய் விடுகிறது. உதிர்ந்த தோலை அகற்றுவதும், தோலின் எண்ணெயை உரோமம் முழுக்கப் பரப்புவதும் இப்படி நக்குவதால்தான் நடக்கின்றன.

அந்த ஆய்விலேயே ஒரு விதிவிலக்கும் சொல்லப்பட்டிருக்கிறது: பெர்ஷியன் பூனை. அதன் உரோமம் அவ்வளவு நீளம், அவ்வளவு அடர்த்தி. நாக்கால் எவ்வளவு அழுத்தினாலும் முள்ளின் நுனி தோலைத் தொடுவதில்லை. டெல்லியில் ஆசை ஆசையாகக் காசு கொடுத்து வாங்கப்படுவது பெரும்பாலும் இந்த இனம்தான். அழகுக்காகவே மனிதன் இப்படி வளர்த்தெடுத்த விலங்குக்குச் சீப்பு பிடிப்பது மனிதனின் கடமை. தினமும் ஐந்து நிமிடம் சீவ முடியாதவர்கள் பெர்ஷியன் வாங்காமல் இருப்பதே நல்லது.

நாட்டுப் பூனைக்கு நாக்கு எட்டும். ஆனால் உடம்பு வளைய வேண்டும். அடுக்குமாடி வீட்டை விட்டு வெளியே போகாமல், கிண்ணம் நிறைய உலர் தீவனம் தின்று, ஆறு ஏழு கிலோவுக்கு ஏறிவிட்ட பூனையால் திரும்பித் தன் இடுப்பை நக்க முடிவதில்லை. வயதான பூனைக்கு மூட்டு வலி. 2002இல் அமெரிக்காவில் 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்தபோது 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வு இருந்தது. பூனை நொண்டிக் காட்டாது, முனகாது. மேசை மேல் தாவுவதை நிறுத்தும், முதுகை நக்குவதை நிறுத்தும். அதனால் பொடுகு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். கழுத்தும் தோளும் சுத்தமாக இருந்து, வால் தொடங்கும் இடத்துக்கு மேலே மட்டும் செதிலும் சிக்கும் இருந்தால், எடையையும் மூட்டையும் கவனிக்க வேண்டும். தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, பல்வலி என்று எது வந்தாலும் பூனை முதலில் கைவிடுவது தன்னைச் சீர்ப்படுத்திக்கொள்வதைத்தான். வயதான பூனை நிறையச் சாப்பிட்டும் இளைத்துக்கொண்டே போனால் தைராய்டு பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது கிண்ணம். சைவ வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் தயிர்சாதமும்தான். கரோல் பாக்கில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்திலும் இதே கதைதான்; அன்பில் குறையே இல்லை. ஆனால் பூனையின் உடம்பு அதற்குப் படைக்கப்படவில்லை. தோலைப் பதமாக வைத்திருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஒன்று அராக்கிடோனிக் அமிலம். தாவர எண்ணெயிலிருந்து மனிதனும் நாயும் அதை உடம்பிலேயே தயாரித்துக்கொள்வார்கள். பூனைக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. விலங்குக் கொழுப்பிலிருந்து நேரடியாகக் கிடைக்க வேண்டும். டாரின் என்ற சத்தும் அப்படித்தான். அது குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். நாய் உணவைப் பூனைக்குப் போடுவதும் இதனால்தான் தவறு. வெறும் மீனாகவே போட்டு வளர்த்தால் வைட்டமின் ஈ பற்றாக்குறை வேறு. பூனைக்கென்றே தயாரிக்கப்பட்ட முழு உணவு கொடுக்க வேண்டும். வீட்டில் அசைவம் நுழையக் கூடாது என்றால், பூனை வளர்ப்பதைப் பற்றி முன்கூட்டியே யோசித்து முடிவெடுப்பதுதான் அந்த உயிருக்குச் செய்யும் நியாயம்.

தண்ணீரும் உணவோடு சேர்ந்த விஷயம். பூனையின் மூதாதை பாலைவனக் காட்டுப் பூனை. குடிப்பதைவிட இரையின் ரத்தத்திலும் சதையிலும் இருந்தே நீரைப் பெற்றுப் பழகியது. எலியின் உடம்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு நீர். உலர் தீவனத்தில் சுமார் 10தான். குளிர்காலத்தில் பூனை இன்னும் குறைவாகக் குடிக்கும். ஒரு வேளையாவது ஈர உணவுக்கு மாற்றினால் சிறுநீரகத்துக்கும் நல்லது.

சில நேரம் பொடுகு நடக்கும். கற்பனையில்லை. கெய்லெட்டியெல்லா என்ற உண்ணி வகைச் சிறுபூச்சி, அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது, தோலின் மேற்பரப்பில் செதில்களுக்கு அடியில் ஊர்ந்து திரியும்; செதிலும் அதனோடு நகரும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் பூனையைச் சீவி, விழுந்த தூளைப் பூதக்கண்ணாடி வழியாக நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஏதாவது அசைந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான். பூனையைத் தூக்குபவர்களின் கையிலும் வயிற்றிலும் அரிக்கும் சிவப்புப் புள்ளிகள் வருவது இன்னொரு தடயம். சிகிச்சை வீட்டிலுள்ள எல்லா விலங்குகளுக்கும் ஒரே சமயத்தில் தேவைப்படும். சீவும்போது மிளகுத் தூள்போலக் கருப்பாக விழுந்தால், ஈரமான வெள்ளைத் துணியில் வைத்துப் பார்க்கலாம்; செம்பழுப்பாகக் கரைந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம்.

மழைக்காலத்துச் செதில் வேறு வகை. ஜூலை முதல் செப்டம்பர் வரை டெல்லி புழுங்கும்போது, வட்ட வட்டமாக முடி கொட்டி ஓரத்தில் செதில் படிந்தால் படர்தாமரை என்று சந்தேகிக்க வேண்டும். பூஞ்சையால் வருவது, பெர்ஷியன்களுக்கு எளிதில் வரும், குழந்தைகளுக்கும் தொற்றும்.

இனி அந்த ஷாம்பு. மனிதர்களுக்கான பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் நிலக்கரித் தாரும் சாலிசிலிக் அமிலமும் இருக்கும். பூனையின் கல்லீரலுக்கு இப்படிப்பட்ட பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஒரு வழி மிகப் பலவீனம். நமக்கு ஒன்றும் செய்யாத அளவு அதற்கு நஞ்சாகும். தோலில் தடவியது தோலிலேயே நிற்பதில்லை. அரை மணி நேரத்தில் நக்கி விழுங்கிவிடும். டீ ட்ரீ எண்ணெய் ஆகாது. வேப்பெண்ணெய் நம் பாட்டி வைத்தியத்தில் எவ்வளவு மதிப்புள்ளதாக இருந்தாலும் பூனைக்கு வேண்டாம். நாய்களுக்கு விற்கும் சில பூச்சி மருந்துகளில் பெர்மெத்ரின் உண்டு. நாயின் முதுகில் விடும் அந்தச் சொட்டு பூனைக்கு வலிப்பை வரவழைத்து உயிரையே எடுக்கும். தேங்காய் எண்ணெய் நஞ்சில்லை, ஆனால் தூசியைப் பிடித்து வைக்கும். டெல்லியின் நவம்பர்க் காற்றில் மிதக்கும் புழுதியெல்லாம் உரோமத்தில் ஒட்டி, நாக்கு வழியே வயிற்றுக்குள் போவது யாருக்கும் நல்லதல்ல.

மருத்துவர் சொன்னாலொழியக் குளிப்பாட்டவே வேண்டியதில்லை. மென்மையான சீப்பால் தினமும் ஒரு முறை, முடி வளரும் திசையில் சீவினாலே நாக்கின் வேலையில் பாதியை நாம் செய்துவிடலாம். மீன் எண்ணெய் பலருக்கும் உதவியிருக்கிறது. அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உணவை மாற்றினாலும் எண்ணெய் கொடுத்தாலும் தோலில் பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம்.

அரிப்பு, முடி கொட்டுதல், புண், துர்நாற்றம், எடை குறைதல், வீட்டாருக்கும் அரிப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காத்திருக்கக் கூடாது. தனியார் கிளினிக்கின் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு டீஸ் ஹசாரியில் டெல்லி அரசின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. டிஃபென்ஸ் காலனி மேம்பாலத்துக்குக் கீழே 1979 முதல் ஃப்ரெண்டிகோஸ் என்ற விலங்கு நல அமைப்பு இயங்குகிறது. ராஜா கார்டனில் சஞ்சய் காந்தி விலங்குப் பராமரிப்பு மையம் 1980 முதல். போகும்போது மூன்றைக் கொண்டுபோனால் மருத்துவரின் வேலை பாதி குறையும்: சீவி எடுத்த செதில் ஒரு தாளில் மடித்து, தின்னும் தீவனத்தின் உறையின் புகைப்படம், பொடுகு தொடங்கிய மாதம்.