பசுந்தீவனத்தைக் காத்த ஜீவரசாயன நிபுணர்

பால் பெருகவேண்டுமாயின் பசுவுக்குப் பசுந்தீவனம் வேண்டுமென்பதைக் குடியானவர் யாவரும் அறிவர். அத்தீவனம் ஆண்டு முழுதும் கிடைப்பதில்லை என்பதையும் அறிவர். மலிந்த காலத்தில் அதைச் சேமித்து, இல்லாத காலத்தில் சத்துக் குன்றாமல் கொடுப்பது எங்ஙனம்? இக்கேள்விக்குப் பல்லாண்டு உழைத்து விடை கண்டவர், பின்லாந்து தேசத்து அர்த்துரி இல்மாரி விர்த்தானென் (1895–1973) என்பவர். உயிருள்ள பொருள்களுக்குள் நிகழும் ரசாயன மாறுதல்களை ஆராயும் ஜீவரசாயன சாஸ்திரம் மாட்டுக்கொட்டிலுக்கு எவ்வளவு உதவும் என்பதற்கு அவருடைய வேலையே தக்க சான்றாகும்.

பின்லாந்தின் குறை

ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள அந்நாட்டில் ஆண்டில் பாதிக்கு மேற்பட்ட காலம் கால்நடைகளைக் கொட்டிலிலேயே வைத்துத் தீனியிடவேண்டும். கோடையில் அறுத்த புல்லை உலர்த்தும்போது மழை பெய்தால் சத்துக் கரைந்து ஒழுகிவிடும். குறையை ஈடுசெய்யப் பிண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து விலைகொடுத்து வாங்கவேண்டியிருந்தது. குளிர்காலத்துப் பாலும் வெண்ணெயும் தரத்தில் தாழ்ந்தன.

விர்த்தானென் 1919-இல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றார். 1921-இல் வாலியோ என்னும் பால்பண்ணைக் கூட்டுறவு ஸ்தாபனத்தின் ஆராய்ச்சிச்சாலைக்குத் தலைவரானார். பாலைத் தயிராக்கும் கிருமிகளை ஆராய்ந்துவந்த அவருக்கு, அவற்றின் இனமே தீவனக்குழியிலும் வேலை செய்கிறது என்பது நன்கு தெரிந்திருந்தது.

குழிக்குள் நிகழ்வது

பசும்புல்லைக் குழியிலிட்டு, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல்லாக்கும் முறை அவருக்கு முன்னரே வழக்கத்திலிருந்தது. எனினும் பலன் நிச்சயமில்லை. அறுத்த பின்னரும் புல் சிறிது காலம் சுவாசித்துக்கொண்டேயிருக்கும். அதனால் அதிலுள்ள சர்க்கரை எரிந்து சூடு பிறக்கும். காற்று நீங்கியபின் புளிப்புக் கிருமிகள் எஞ்சிய சர்க்கரையைப் பாலமிலமாக்கும். அப்புளிப்பு விரைவில் ஏறினால் தீவனம் கெடாது. தாமதித்தாலோ, வேறு கிருமிகள் பெருகி, நாற்றமுள்ள பியூட்டிரிக் அமிலத்தை உண்டாக்குவதுடன், புரதச்சத்தையும் சிதைத்து அம்மோனியாவாக்கிவிடும். சர்க்கரை குறைந்தும் புரதம் மிகுந்தும் உள்ள பயறுவகைத் தீவனங்களுக்கே இக்கேடு அதிகம். அக்கிருமிகளின் விதைத்துகள்கள் சாணத்தின் வழியாகப் பாலிற் கலந்து, பாலாடைக்கட்டியை ஊதச்செய்து கெடுப்பதுமுண்டு.

ஏ. ஐ. வி. முறை

புளிப்பின் அளவைப் பி.எச். என்னும் எண்ணாற் குறிப்பர். சுத்தமான நீருக்கு அது 7. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். அவ்வெண் 4-க்குக் கீழே இறங்கினால் புல்லின் சுவாசமும் தீய கிருமிகளின் வேலையும் அடங்கிவிடுவதை விர்த்தானென் கண்டார். தானாகப் புளிக்கும்வரை காத்திராமல், குழியை நிரப்பும்போதே நீர் கலந்த உப்புத் திராவகத்தையும் கந்தகத் திராவகத்தையும் அளவோடு தெளிக்கச் செய்தார். புளிப்பு மிதமிஞ்சினால் பசுவுக்குத் தீங்காகும். ஆகையால் எண் 3-க்கும் 4-க்கும் இடையே நிற்கவேண்டுமென வரையறுத்தார்.

திராவகம் தெளித்த புல்லைப் பசு உண்ணலாமா என்ற ஐயம் எழுந்தது இயல்பே. தீவனத்துடன் சுண்ணாம்புத் தூள் சேர்த்துக் கொடுத்து, பசுக்களின் ஆரோக்கியத்தையும் பாலின் தரத்தையும் சோதித்து அவ்வையத்தை நீக்கினார். பசும்புல்லின் காரட்டீன் சத்து அழியாமையால் குளிர்காலத்து வெண்ணெயும் மஞ்சள் நிறங்கொண்டது. அவர் பெயரின் முதலெழுத்துக்களால் 'ஏ. ஐ. வி. முறை' எனப் பெயர்பெற்ற இது 1920-களின் பிற்பகுதியில் தோன்றி அயல்நாடுகளுக்கும் பரவியது. 1945-இல் ரசாயன நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

வேர்முடிச்சுகள்

பயறுவகைப் பயிர்களின் வேர்முடிச்சுகளையும் அவர் ஆராய்ந்தார். முடிச்சின் உள்ளே காணும் செந்நிறப் பொருள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் பெறும் தொழிலோடு நெருங்கிய தொடர்புடையது என்பதை விளக்கினார். முடிச்சைக் கீறிப் பார்க்கையில் உட்புறம் சிவந்திருந்தால் அது தொழில் செய்கிறதென்றும், பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்ததென்றும் எவரும் அறியலாம்.

கவனிக்கத்தக்கவை

கடுந்திராவகங்கள் தோலையும் துணியையும் பாத்திரத்தையும் அரிப்பவை. பின்லாந்திலேயே 1960-களில் அவற்றுக்குப் பதிலாகப் பார்மிக் அமிலம் வழக்கத்துக்கு வந்தது. ஆதலின் பயிற்சியில்லாதோர் திராவகத்தைக் கையாள முற்படலாகாது. தத்துவத்தை மட்டும் கைக்கொண்டாலும் பெரும்பயன் உண்டு. அதற்குரிய விதிகள் வருமாறு:

1. பயிர் பூக்கத் தொடங்கும் பருவத்தில் அறுத்து, துண்டுகளாக நறுக்குக.
2. குழியை விரைவாக நிரப்பி, அடுக்கடுக்காக நன்கு மிதித்துக் காற்றை வெளியேற்றுக.
3. பயறுவகைத் தீவனமாயின் சோளம் அல்லது மக்காச்சோளத் தட்டையைக் கலந்தோ, நீரிற் கரைத்த வெல்லப்பாகைத் தெளித்தோ சர்க்கரையைக் கூட்டுக.
4. மழைநீரும் காற்றும் புகாதபடி மூடுக.
5. திறக்கும்போது இனிய புளிப்பு மணம் வீசினால் தீவனம் நன்று. அழுகல் நாற்றமோ பூஞ்சணமோ கண்ட பகுதியைக் கால்நடைக்கு இடாமல் நீக்குக.

வயலில் விளைந்த சத்து மாட்டின் வாய்க்குச் செல்லுமுன் குழியிலேயே அழியுமாயின் விளைத்த பாடும் வீணே. அவ்விழப்பு தலைவிதியன்று, தடுக்கத்தக்கதே என்று காட்டியதுதான் விர்த்தானென் உழவருக்குச் செய்த பேருதவி.