பங்கீட்டுக் கதையும் ஆக்சிஜனும்

இரண்டு அணுக்கள் ஏன் சேருகின்றன என்று கேட்டால் நம்மில் பலருக்கும் பள்ளிக்கூடத்துப் பதில்தான் வரும்: ஆளுக்கொரு எலக்ட்ரானைப் போட்டு ஒரு ஜோடியைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. 1916இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்த கருத்தாக்கம் இது. முதலில் தனித்தனி உடைமையாளர்கள், பிறகு அவர்களுக்கிடையே ஓர் ஒப்பந்தம். இந்தச் சித்திரம் நிறைய விஷயங்களை விளக்கியது என்பதை மறுப்பதற்கில்லை. வேதியியலாளர்கள் இன்றும் பிணைப்பைக் கோடு போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

இடறியது ஆக்சிஜனிடம். லூயிஸ் கணக்குப்படி இரண்டு ஜோடி பங்கீட்டில், மிச்சமும் ஜோடி ஜோடியாக. ஒண்டிக்கட்டை எலக்ட்ரான் ஒன்றுகூடக் கிடையாது. அப்படியானால் காந்தம் அதை இழுக்கக் கூடாது. ஆனால் மைனஸ் 183 டிகிரிக்குக் கீழே குளிர்வித்த வெளிர்நீலத் திரவ ஆக்சிஜனை வலுவான காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால், கொதித்து ஆவியாகும்வரை அங்கேயே தொங்குகிறது. இதன் காந்தத்தன்மையை ஃபாரடே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறிந்திருந்தார்.

1920களின் பிற்பகுதியில் ஹூண்ட், முல்லிகன், லெனார்ட்-ஜோன்ஸ் ஆகியோர் உருவாக்கிய மூலக்கூறு ஆர்பிட்டால் கோட்பாடு கேள்வியையே மாற்றிப் போட்டது. எலக்ட்ரான் யாருடையது என்பதல்ல கேள்வி. மூலக்கூறு முழுமைக்குமாக என்னென்ன இடங்கள் உண்டாகின்றன என்பதே. இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் எலக்ட்ரான் அலைகள் கலக்கும்போது கிடைப்பது ஒன்றல்ல, இரண்டு. ஒன்று அணுக்கருக்களுக்கு நடுவே திரண்டு நிற்கும், ஆற்றல் குறைந்த பிணைப்பு ஆர்பிட்டால். மற்றது நடுவே அறுபட்ட, ஆற்றல் கூடிய எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால். சேர்க்கும் இடம் உண்டானால் பிரிக்கும் இடமும் கூடவே உண்டாகிறது. இந்தக் கோட்பாட்டின் உயிர்நாடி இதுதான் என்பது என் எண்ணம்.

ஹைட்ரஜனின் இரண்டு எலக்ட்ரான்களும் கீழ் இடத்தில் அடங்கிவிடும். பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். சரி, ஹீலியம்? நான்கு எலக்ட்ரான்கள். இரண்டு கீழே, இரண்டு மேலே. கீழே கிடைத்த லாபத்தை மேலே உள்ளவை தின்றுவிடும். அதனால்தான் ஹீலியம் தனியாகத் திரிகிறது.

ஆக்சிஜனில் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 12. எட்டு சேர்ப்பவை, நான்கு பிரிப்பவை. வித்தியாசத்தில் பாதி இரண்டு, ஆகவே இரட்டைப் பிணைப்பு. இதில் லூயிஸோடு சண்டையே இல்லை. ஆனால் கடைசி இரண்டு எலக்ட்ரான்களுக்குச் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்ப்பிணைப்பு இடங்கள் காலியாக இருக்கின்றன. பஸ்ஸில் காலி ஸீட் இருக்கும்போது யாரும் பக்கத்தில் போய் நெருக்கி உட்காருவதில்லை, இல்லையா? ஆளுக்கொன்றில், ஒரே திசைச் சுழற்சியோடு தங்குகின்றன. காந்தம் பிடித்தது இவற்றைத்தான்.

இன்னொரு சான்றும் உண்டு. எலக்ட்ரான் பசை என்றால் ஒன்றைப் பிடுங்கும்போது பிணைப்பு தளர வேண்டும். நைட்ரஜனில் அப்படியே ஆகிறது: அணு இடைவெளி 110 பிக்கோமீட்டரிலிருந்து 112ஆகக் கூடுகிறது. ஆக்சிஜனிலோ 121இலிருந்து 112ஆகக் குறைகிறது. போனது பிரித்துக்கொண்டிருந்த ஆள்.

தனியுடைமைக் கதை தோற்றது, கூட்டுடைமைக் கதை வென்றது என்று எழுத நமக்குக் கை அரிக்கும். கொஞ்சம் பொறுங்கள். லூயிஸ் வழியில் வந்த லைனஸ் பவுலிங் 1931இல் மூன்று எலக்ட்ரான் பிணைப்பு என்று ஒன்றைச் சொல்லி ஆக்சிஜனைச் சமாளித்தார். கணக்கை முழுசாகப் போட்டால் இரண்டு வழிகளும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேரும். 1951இல் மாஸ்கோ மாநாடு பவுலிங்கின் உடனிசைவுக் கோட்பாட்டைக் கருத்துமுதல்வாதம் என்று முத்திரை குத்தியது. அதை ஆதரித்து எழுதிய சிர்கினும் தியாத்கினாவும் தாக்கப்பட்டார்கள். மறுவருஷமே இடதுசாரி என்ற சந்தேகத்தில் அதே பவுலிங்குக்கு அமெரிக்க அரசு பாஸ்போர்ட் மறுத்தது. ஒரு மூலக்கூறைப் பற்றியும் இரண்டு தரப்புக்கும் புதிதாக ஒன்றும் தெரியவரவில்லை.

அந்த இரண்டு ஒண்டிக்கட்டைகளால் நமக்கு என்ன என்று கேட்கலாம். காகிதம், மரம், நம் உடம்பு இவற்றின் மூலக்கூறுகளில் அநேகமாக எல்லா எலக்ட்ரான்களும் எதிரெதிர்ச் சுழற்சியோடு ஜோடியாக இருக்கின்றன. ஒரே திசையில் சுழலும் இரண்டை வைத்திருக்கும் ஆக்சிஜன் இவற்றோடு நேரடியாக, சுலபமாக வினைபுரிய முடியாது. ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜனான காற்றில் நீங்கள் பிடித்திருக்கும் இந்தத் தாள் தானாகப் பற்றிக்கொள்ளாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.