கிண்டி காட்டைப் பார்க்கப் போகலாமா?

அடையாறு மத்திய கைலாஷ் கோயிலைத் தாண்டி, சர்தார் படேல் சாலையில் கிண்டியை நோக்கிப் போகிறவர்களுக்கு இடது கைப் பக்கம் முதலில் வருவது ஐ.ஐ.டி. வாசல். அப்புறம் புற்றுநோய் ஆஸ்பத்திரி. அதற்கும் அப்பால் காந்தி மண்டபம். கட்டிடங்கள் மாறிக்கொண்டே போகின்றன. அவற்றின் பின்னால் தெரியும் மரங்கள் மட்டும் கூடவே வருகின்றன.

அந்த மரங்களின் உட்புறம்தான் கிண்டி தேசியப் பூங்கா.

பட்டணம் பார்க்க வந்தவர்கள் இதையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போவது வழக்கம். ஊர் திரும்பியதும் அவர்கள் சொல்லும் அபிப்பிராயம்தான் வேடிக்கையானது. "வீண் அலைச்சல், நாலு மானும் ஒரு முதலையும்தான்" என்பார் ஒருவர். "சென்னையில் பார்க்க வேண்டிய முதல் இடமே அதுதான்" என்பார் இன்னொருவர்.

இருவரும் பொய் சொல்லவில்லை. இருவரும் பார்த்த இடம் வேறு வேறு, அவ்வளவுதான்!

புலி எங்கே?

"தேசியப் பூங்கா" என்ற பெயரைக் கேட்டதும் ஜனங்கள் மனத்தில் எழும் படம் ஒன்று உண்டு. யானைக் கூட்டம், புதரில் பதுங்கும் புலி, திறந்த ஜீப் வண்டி. குழந்தைகள் வாசலிலேயே கேட்டுவிடுகிறார்கள்: "அப்பா, புலி எங்கே?"

புலிக்கு இங்கே இடமில்லை. 1936ல் நம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக ஏற்பட்ட கார்பெட் பூங்காவின் பரப்பு இன்று சுமார் 520 சதுர கிலோமீட்டர். கிண்டியின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். இரை நிறைந்த நல்ல காட்டில் ஒரு பெண் புலி நடமாடவே 20 சதுர கிலோமீட்டர் போலத் தேவைப்படும் என்றால், கிண்டியில் அது வாலை நீட்டிப் படுக்கக்கூட முடியாது.

சிங்கமும் புலியும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வண்டலூருக்குப் போக வேண்டும். மூர் மார்க்கெட்டின் பின்னால் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை 1985ல் அங்கே குடிபோய்விட்டது. கிண்டி, மிருகக்காட்சி சாலை அல்ல. ஆனால் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது.

வாசலோடு திரும்புகிறவர்கள்

சாலையோரமாக இருப்பது சிறுவர் பூங்கா. புதுப்பிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் சிறுவர் இயற்கைப் பூங்கா என்று மறுபடி திறக்கப்பட்டது. கம்பி வேலிக்குள் சில விலங்குகள், பறவைகள், குழந்தைகள் ஓடி விளையாட இடம். பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. ரோமுலஸ் விட்டேகர் 1972ல் இங்கே அமைத்தது. பாம்பைக் கண்டதும் தடியைத் தேடும் நம்மவர்களுக்கு, எது விஷப் பாம்பு, எது சாதுவான பாம்பு என்று சொல்லிக் கொடுத்த இடம். பார்க்கத் தகுந்ததுதான்.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, "கிண்டி காட்டைப் பார்த்தாயிற்று" என்று ஆட்டோ பிடிக்கிறவர்களே அநேகம் பேர். உண்மையில் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு வீட்டைப் பற்றி அபிப்பிராயம் சொல்கிறார்கள்.

வீட்டுக்குள் போவது அத்தனை சுலபமும் அல்ல. காட்டின் உட்பகுதிக்கு வனத்துறையிடம் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். நினைத்தபோது டிக்கெட் எடுத்து நுழைய முடியாது. ஒரே நாளில் மெரினா, கபாலி கோயில், கிண்டி எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்க வேண்டிய வெளியூர்க் குடும்பத்துக்கு இது எப்படித் தெரியும்? அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. "காடு வேறு, சிறுவர் பூங்கா வேறு" என்று வாசலில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டால் பாதி மனஸ்தாபம் தீர்ந்துவிடும்.

உள்ளே இருப்பது என்ன?

அனுமதி வாங்கி, காலை வெயில் ஏறுமுன் போனவர்கள் பேச்சே வேறு.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரை ஓரமாக ஒரு காலத்தில் நீண்டு கிடந்த வறண்ட பசுமை மாறாக் காட்டின் மிச்சம் இது. மேற்கு மலைக் காடு போல வானளாவிய மரங்கள் கிடையா. களா, காரை, காட்டு எலுமிச்சை என்று முள்ளும் புதருமாக நெருங்கிக் கிடக்கும். கோடையில் பார்த்தால், "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று தோன்றும். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்ததும், மார்கழி, தை மாதங்களில் வந்தால் குளங்களில் தண்ணீர் நிற்கும். காடு பச்சைப் பசேலென்று இருக்கும். கீரி, மரநாய், நரி, நட்சத்திர ஆமை எல்லாம் இந்த நகரத்து நடுவே குடித்தனம் செய்கின்றன. பறவைகளில் நூறு வகைக்கு மேல் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக வெளிமான்! ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. திருகிய இரண்டு கொம்புகள். புள்ளிமான் ஆண்டுக்கொரு முறை கொம்பை உதிர்க்கும். வெளிமானின் கொம்பு உதிராது. இந்தியத் துணைக்கண்டத்துக்கே உரிய விலங்கு இது. சிறுத்தையிலும் வேகமான சிவிங்கிப்புலி நம் நாட்டுச் சமவெளிகளில் துரத்திய இரை. துரத்தியது அழிந்தது, 1952ல் அது இந்தியாவில் இல்லை என்றே அறிவித்துவிட்டார்கள். ஓடியது மிஞ்சியது.

வெளிமானைத் தேடி வெளிநாட்டார் எங்கெங்கோ போகிறார்கள். நம் பக்கத்தில் கோடியக்கரைக்குப் போக வேண்டும். இங்கே அடையாற்றிலிருந்து பஸ் ஏறினால் பத்துப் பதினைந்து நிமிஷம்.

ஆனால் மானும் சும்மா வந்து நிற்காது. பரந்த புல்வெளி அதற்கு உயிர். புல்வெளியில் புதர் மண்டினால் அது ஒதுங்கிவிடும். கிண்டியில் புள்ளிமான்தான் அதிகம், வெளிமான் குறைவு. பொறுமை இல்லாதவர் கண்ணில் அது படாமலே போகலாம்.

505ம் 270ம்

"ஒன்றுமில்லாத காடு" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போவதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

1821ல் கிண்டி மாளிகையையும் தோட்டத்தையும் 35,000 ரூபாய்க்குச் சர்க்கார் வாங்கியது. கவர்னர் மாளிகையைச் சுற்றியிருந்த காடு 1910ல் காப்புக்காடு ஆயிற்று. அப்போது பரப்பு 505 ஹெக்டேர். பிறகு ஐ.ஐ.டி.க்கு ஒரு பங்கு போயிற்று. தலைவர்களின் நினைவிடங்களுக்கு ஒரு பங்கு. 1961க்கும் 1977க்கும் இடையில் மட்டும் சுமார் 172 ஹெக்டேர் கைமாறியது. 1978ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தபோது மிஞ்சியது ஏறக்குறைய 270 ஹெக்டேர்.

எடுத்தவை எல்லாம் நல்ல காரியத்துக்குத்தான். கல்விக்கும் தேசத் தலைவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டாம் என்று யார் சொல்வார்? என்றாலும் பாதிக் காடு போனது போனதுதான். 2016 டிசம்பரில் வர்தா புயல் வேறு வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

நகரத்துக்குள் காடு என்பது உலகத்தில் அபூர்வம். கென்யா நாட்டு நைரோபியில் 1946 முதல் ஒரு தேசியப் பூங்கா உண்டு. அங்கே சிங்கமே உலவுகிறது. பம்பாயில் நூறு சதுர கிலோமீட்டர் காடு, சிறுத்தையோடு. அவற்றுக்கு முன்னால் கிண்டி ஒரு கையகலம்தான். அந்தக் கையகலத்தைச் சுற்றித்தான் இத்தனை பஸ்ஸும் காரும் ஓடுகின்றன.

போகிறவர்கள் கவனிக்க

ஒரு மணி நேரம் மட்டும் இருந்தால், குழந்தைகளோடு சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும் போதும். இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை. காட்டைத்தான் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஊரிலிருந்து புறப்படும் முன்பே அனுமதிக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். மானுக்குத் தின்பண்டம் வேண்டாம். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். உப்பு ருசிக்காக மான் அதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

புலி இல்லை என்று குழந்தைகளிடம் பஸ்ஸிலேயே சொல்லிவிடுவது நல்லது.